போர் விமான சிமுலேட்டருக்கு எந்த ஆபரேட்டிங் சிஸ்டம்? பாளையங்கால்வாய்க் கரையிலிருந்து ஒரு விளக்கம்

[காட்சி: பாளையங்கால்வாய் ஓரம், காலை நேரம். மடை வழியாக வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது.]

வணக்கம். போன மாதம் பாளையங்கோட்டையில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கடைசி வருட புராஜெக்டாகப் போர் விமான சிமுலேட்டர் ஒன்றைச் சிறிய அளவில் செய்யப் போகிறார்கள். நான் சில வருடங்கள் அந்த வேலையில் இருந்தவன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உட்கார்ந்ததும் ஒரே கேள்வி: “அண்ணாச்சி, விண்டோஸா லினக்ஸா? எதுன்னு சொல்லுங்க, அதைப் போட்டு ஆரம்பிச்சிருதோம்.”

நான் திருப்பிக் கேட்டேன்: “உங்க சிமுலேட்டர்ல எத்தனை கம்ப்யூட்டர்?” ஒன்று என்றார்கள். அங்கிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டியிருந்தது.

[காட்சி: வெள்ளைப் பலகையில் ஐந்து கட்டங்கள் வரையப்படுகின்றன.]

விமானப்படைகள் வைத்திருக்கும் சிமுலேட்டருக்குள் பல கம்ப்யூட்டர்கள் இருக்கும். ஒன்று விமானத்தின் கணக்கைப் போடும்: காற்று, எடை, இறக்கை, எஞ்சின் எல்லாம் சேர்ந்து அடுத்த நொடியில் விமானம் எங்கே இருக்கும் என்ற கணக்கு. இன்னொன்று கண்ணாடிக்கு வெளியே தெரியும் மலையையும் மேகத்தையும் ஓடுபாதையையும் வரையும். மூன்றாவது, விமானியின் கையில் இருக்கும் ஸ்டிக்குக்குக் கனம் கொடுக்கும். வேகம் கூடினால் ஸ்டிக் இறுக வேண்டும் இல்லையா, அந்த வேலை. நான்காவது, விமானத்தின் உண்மையான கருவிகளோடு பேசும். ஐந்தாவது பயிற்றுநரின் மேசை. எஞ்சினில் தீ வை, மழையைக் கொண்டுவா என்று அவர் உத்தரவு போடும் இடம் அது.

இந்த ஐந்துக்கும் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒவ்வொரு பெட்டியையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது தாமதமானால் என்ன ஆகும்?

பயிற்றுநர் பட்டனை அழுத்தி அரை விநாடி கழித்து மழை வந்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை. விமானக் கணக்கு அப்படி இல்லை. விநாடிக்கு 60 முறை அந்தக் கணக்கு முடிய வேண்டும் என்றால், ஒரு முறைக்குக் கிடைப்பது 16.7 மில்லிவிநாடி. ஸ்டிக்குக்குக் கனம் கொடுக்கும் பெட்டி இன்னும் கடினம், விநாடிக்கு ஆயிரம் முறை ஓடுவது அங்கே சாதாரணம்.

விமானி ஸ்டிக்கை அசைத்ததிலிருந்து திரையில் அதன் விளைவு தெரியும் வரை ஆகும் நேரத்துக்கு வரம்பு உண்டு. அமெரிக்காவின் பயணி விமான விதிகளில் உயர்தர சிமுலேட்டர்களுக்கு நெடுங்காலம் இருந்த வரம்பு 150 மில்லிவிநாடி. மணிக்கு 900 கிலோமீட்டரில் பறக்கும் போர் விமானம் அந்த இடைவெளியில் 37 மீட்டர் போய்விடும். மூன்று பஸ்ஸை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய அவ்வளவு நீளம். அதனால்தான் போர் விமான சிமுலேட்டருக்கு இன்னும் குறைவாகக் கேட்பார்கள்.

தாமதம் கூடினால் படம் திக்கித் திக்கி ஓடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. விமானி ஸ்டிக்கைத் தள்ளுகிறார், மூக்கு இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளுகிறார். அதற்குள் முதலில் தள்ளியதன் விளைவும் பிறகு தள்ளியதும் சேர்ந்து வந்து மூக்கு அளவுக்கு மீறி இறங்குகிறது. பதறி இழுக்கிறார், அதுவும் தாமதமாக வந்து மூக்கு மேலே எகிறுகிறது. இப்படி ஆடிக்கொண்டே போகும். நாலு நாள் பழகினால் அந்தத் தாமதத்தைக் கணக்கில் வைத்து ஓட்டக் கற்றுக்கொள்வார். கற்றுக்கொண்ட அந்தக் கையோடுதான் உண்மையான விமானத்தில் ஏறுவார். அங்கே தாமதம் கிடையாது. சிமுலேட்டர் ஒரு தப்பான பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டது. பயிற்சியே ஆபத்தாகிவிடும் இடம் அது. அதை நினைத்துத்தான் இந்தத் தேர்வை இவ்வளவு அக்கறையோடு செய்யச் சொல்கிறேன்.

[காட்சி: மீண்டும் வாய்க்கால். ஒருவர் மண்வெட்டியால் ஒரு மடையை அடைத்து, அடுத்ததைத் திறக்கிறார்.]

இந்த மடையைப் பாருங்கள். பழவூர் அணையிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் இந்த வாய்க்காலில் வருகிறது. பிசான சாகுபடியில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லா வயலுக்கும் கொஞ்சம் கொஞ்சம் விடுவது ஒரு முறை. யாருக்கும் மனக்குறை இருக்காது. விண்டோஸும் சாதாரண லினக்ஸும் அப்படித்தான் வேலை செய்கின்றன. பாட்டு, பிரவுசர், வைரஸ் ஸ்கேன் எல்லாவற்றுக்கும் பிராசஸர் நேரத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும்.

இன்னொரு முறை உண்டு. கதிர் பிடிக்கும் பருவத்தில் ஒரு வயல் இருக்கிறது, இன்றைக்குத் தண்ணீர் இல்லையென்றால் பதராகிவிடும். அதன் நேரம் வந்ததும் தென்னந்தோப்புக்குப் போகும் மடையை அந்த நிமிடமே அடைத்துவிட்டு இதைத் திறக்க வேண்டும். தோப்பு காத்திருக்கட்டும். ரியல் டைம் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது அப்படித் திறந்துவிடும் ஆள். அவர் மற்றவர்களைவிட வேகமாக மண்வெட்டி போடுகிறவர் என்று அர்த்தம் இல்லை. சொன்ன நேரத்துக்குத் திறப்பார் என்று நம்பலாம், அவ்வளவுதான்.

சராசரி வேகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு கம்ப்யூட்டர் பத்தாயிரம் முறை 5 மில்லிவிநாடியில் முடித்துவிட்டு ஒரே ஒரு முறை 80 எடுத்துக்கொண்டால், சராசரி அழகாகத்தான் இருக்கும். அந்த ஒரு முறை விமானி ஓடுபாதையைத் தொடும் நேரமாக இருந்தால்?

விண்டோஸில் ஒரு விஷயத்தை மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் வழக்கமான டைமர் துடிப்பு 15.6 மில்லிவிநாடிக்கு ஒரு முறை. நம் கையில் இருக்கும் மொத்த நேரமே 16.7. “ஒரு மில்லிவிநாடி தூங்கி எழு” என்று புரோகிராமில் எழுதினால், அது 15 கழித்து எழக்கூடும். இந்தத் துடிப்பை 1 மில்லிவிநாடிக்குக் குறைக்க வழி இருக்கிறது. ஆனாலும் எழுந்த பிறகு பிராசஸர் கிடைக்கும் என்று உத்தரவாதம் இல்லை.

சரி, உத்தரவாதம் தருவது எது? விஎக்ஸ்வொர்க்ஸ், கியூஎன்எக்ஸ், லின்க்ஸ்ஓஎஸ் போன்றவை அதற்கென்றே பிறந்தவை. விண்டோஸுக்குப் பக்கத்திலேயே, பிராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் சிலவற்றைப் பிரித்தெடுத்து ஓடும் ஆர்டிஎக்ஸ் உண்டு. சிமுலேட்டர் உலகத்தில் ரெட்ஹாக் என்ற ரியல் டைம் லினக்ஸும் பரவலானது. எனக்கு அதிக மகிழ்ச்சி தந்த செய்தி 2024-ல் வந்தது. ப்ரீஎம்ட்-ஆர்டி என்ற ரியல் டைம் மாற்றங்கள், ஏறக்குறைய 20 வருட உழைப்புக்குப் பிறகு, 6.12 பதிப்பில் லினக்ஸின் கெர்னல் என்ற மையப் பகுதிக்குள்ளேயே சேர்ந்துவிட்டன. திருநெல்வேலியில் ஒரு மாணவன் பைசா செலவில்லாமல் இதை இறக்கிப் படிக்கலாம். நான் படித்த காலத்தில் இப்படி ஒன்றைத் தொட்டுப் பார்க்கவே வழி இல்லை.

ஆனால் ரியல் டைம் சிஸ்டத்தைப் போட்டதோடு கவலை தீர்ந்துவிடாது. 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில் ஓடியது விஎக்ஸ்வொர்க்ஸ். இறங்கிய சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் தானாகவே திரும்பத் திரும்ப ரீசெட் ஆகத் தொடங்கியது. காரணம் என்ன தெரியுமா? வானிலைத் தகவல் சேர்க்கும் முக்கியம் குறைந்த ஒரு வேலை, எல்லோருக்கும் பொதுவான ஒரு பூட்டைக் கையில் வைத்திருந்தது. பொதுத் தகவலை ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் தொட வேண்டும் என்பதற்கான பூட்டு அது. நடுத்தர முக்கியத்துவம் உள்ள இன்னொரு வேலை குறுக்கே வந்து அதை ஓடவிடாமல் செய்தது. மிக முக்கியமான வேலையோ அந்தப் பூட்டுக்காகக் காத்துக்கிடந்தது. அது நேரத்துக்கு முடியவில்லை என்று கண்டதும் கம்ப்யூட்டர் தன்னையே ரீசெட் செய்துகொண்டது. பூமியிலிருந்தே ஒரு அமைப்பை மாற்றிச் சரிசெய்தார்கள். பூட்டை வைத்திருப்பவன், காத்திருப்பவனின் முக்கியத்துவத்தைத் தற்காலிகமாக வாங்கிக்கொள்ளும் வசதி அது. உங்கள் புரோகிராமிலும் அந்த வசதி இயங்குகிறதா என்று பாருங்கள்.

[காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம். அறை நிறைய வால்வு அலமாரிகள்.]

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. 1944-ல் அமெரிக்கக் கடற்படை, எம்ஐடி-யிடம் விமானி பயிற்சிக்கான ஒரு சிமுலேட்டரைக் கேட்டது. ஜே ஃபாரெஸ்டர் தலைமையில் வேலை நடந்தது. அந்தக் கணக்கை உடனுக்குடன் போட ஒரு டிஜிட்டல் கம்ப்யூட்டர் வேண்டும் என்று கண்டார்கள். அப்படி உருவானதுதான் வேர்ல்விண்ட். சிமுலேட்டர் திட்டம் கடைசியில் கைவிடப்பட்டது, கம்ப்யூட்டர் மட்டும் வளர்ந்தது. கேட்ட கணத்தில் பதில் சொல்லும் கம்ப்யூட்டர் என்ற எண்ணத்துக்கே விதை போட்டதில் விமான சிமுலேட்டருக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்புறம், படம் வரையும் பெட்டி. இங்கே பெரும்பாலும் விண்டோஸ்தான் ஜெயிக்கும். கிராஃபிக்ஸ் கார்டு, அதைச் சிஸ்டத்தோடு பேசவைக்கும் டிரைவர் என்ற சிறு மென்பொருள், படம் வரைய உதவும் டைரக்ட்எக்ஸ் எல்லாம் அங்கேதான் கூடியிருக்கின்றன. லாக்ஹீட் மார்ட்டின் வெளியிட்ட ப்ரீபார்3டி என்ற சிமுலேட்டர் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். எக்ஸ்-பிளேன் லினக்ஸிலும் ஓடும், ஃப்ளைட்கியரும் அப்படியே. எந்த மென்பொருளை வாங்குகிறோமோ அது கேட்கும் சிஸ்டத்தைக் கொடுத்துவிட வேண்டும். இதில் பிடிவாதம் பிடிப்பதில் பயன் இல்லை.

கருவிகளோடு பேசும் பெட்டியில் டிரைவர்தான் முடிவு செய்யும். பல போர் விமானங்களுக்குள் கருவிகள் மில்-ஸ்டாண்டர்ட்-1553 என்ற கம்பி வழியில் பேசிக்கொள்கின்றன, வேகம் விநாடிக்கு 1 மெகாபிட். அதற்கான கார்டை வாங்கும்போது, அதன் டிரைவர் நம் சிஸ்டத்துக்கு, நம் கெர்னல் பதிப்புக்குக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நல்ல பிரிண்டர், புது கம்ப்யூட்டருக்கு டிரைவர் இல்லாததால் மூலையில் கிடப்பதை எத்தனை டிடிபி கடைகளில் பார்த்திருக்கிறோம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படி ஒரு கார்டுக்காக மட்டும் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினோம். அது சூடாகும்போதெல்லாம் எங்களுக்கும் காய்ச்சல் வரும்.

[காட்சி: மிக்-21 விமானத்தின் படம்.]

அந்தப் பழைய கம்ப்யூட்டர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். மிக்-21 விமானம் 1963-ல் இந்திய விமானப்படைக்கு வந்து 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. 62 வருடம்! அது வந்தபோது, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸே பிறக்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி-க்கு ஆதரவு 2014-ல் முடிந்தது, விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரில். 1990-களில் சிமுலேட்டர் படங்களுக்குப் பெயர் பெற்ற சிலிக்கான் கிராஃபிக்ஸ் கம்பெனியின் ஐரிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம், 2006 கடைசியில் அந்த மெஷின்களோடு சேர்ந்து உற்பத்தி நின்றது. விமானம் பறந்துகொண்டே இருக்கிறது, அதன் சிமுலேட்டருக்கு அடியில் இருந்த தரை மட்டும் போய்விடுகிறது. அதனால்தான் விமானக் கணக்கு ஓடும் பெட்டிக்கு, சோர்ஸ் கோடு கையில் கிடைக்கும் சிஸ்டத்தையே நான் சொல்வேன். விற்றவர் கடையைச் சாத்தினாலும் நாம் கட்டிக் காப்பாற்றிக்கொள்ளலாம். விண்டோஸ்தான் வேண்டும் என்றால், ஆதரவுக் காலம் நீண்ட எல்டிஎஸ்சி பதிப்பை வாங்கி, தானாக நடக்கும் அப்டேட்டை நிறுத்தி வைக்க வேண்டும்.

அப்டேட்டை நிறுத்தினால் பாதுகாப்பு? அது நியாயமான கேள்வி. போர் விமான சிமுலேட்டருக்குள் அந்த விமானத்தின் உண்மையான திறன் எண்களாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதை வெளி இணையத்தோடு இணைக்கவே கூடாது. நம் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், இணையத்தோடு இணைந்த நிர்வாக வலையிலிருந்த ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உள்ளே இருக்கும் முக்கிய வலை தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. சிமுலேட்டருக்கும் அந்தப் பிரிவு வேண்டும். அப்டேட் வந்தால், தனியாக வைத்த இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டு, நேரத்தை மறுபடி அளந்து பார்த்த பிறகே உள்ளே எடுத்துப்போக வேண்டும்.

[காட்சி: வீட்டுத் திண்ணை. மேசையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் லேப்டாப் ஒன்றும்.]

பிள்ளைகளுக்கு என்ன சொன்னேன்? கல்லூரி லேபில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில் ப்ரீஎம்ட்-ஆர்டி இயங்கும் லினக்ஸைப் போட்டு, விமானக் கணக்குக்கு ஜேஎஸ்பிசிம் என்ற மென்பொருளை மட்டும் ஓட்டச் சொன்னேன். அதற்கென்று ஒரு கோரைத் தனியே ஒதுக்க வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள இன்னொரு மெஷினில் ஃப்ளைட்கியர் படம் காட்டட்டும். பயிற்றுநர் மேசைக்கு அவர்களுடைய விண்டோஸ் லேப்டாப்பே போதும்.

எதையும் இணைப்பதற்கு முன்னால் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் சைக்ளிக்டெஸ்ட் என்ற அளவுகோலை ஓடவிடச் சொன்னேன். எழச் சொன்ன நேரத்துக்கும் உண்மையில் எழுந்த நேரத்துக்கும் உள்ள தாமதத்தை அது அளக்கும். பக்கத்திலேயே ஹார்ட் டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் வேண்டுமென்றே திணறடிக்க வேண்டும், இரவு முழுக்க. “காலையில ஸ்கிரீன்ல வர்ற எண்கள்ல குறைந்தபட்சம், சராசரி, அதிகபட்சம்னு மூணு இருக்கும். கடைசி எண்ணை மட்டும் எனக்கு அனுப்புங்க, அதைப் பார்த்துட்டு அடுத்த பெட்டியைப் பேசுவோம்” என்று சொல்லி அனுப்பினேன்.