எழுத்தைக் கடல் கற்றுத் தராது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களே, இரு அணிப் பேச்சாளர்களே, நாளைய தொழிலுக்கான வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு இந்த மணலில் வந்து அமர்ந்திருக்கும் பாம்பன் ஊர்ப் பெரியோர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

"தொடக்கப்பள்ளியின் ஓராண்டில் குழந்தை கட்டாயம் கற்றிருக்க வேண்டியது எழுத்தும் எண்ணுமா, ஊரும் கடலும் தரும் வாழ்வறிவா?" என்பது நமக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. எழுத்தும் எண்ணுமே என்று சொல்வதற்காக, மண்டபத்திலிருந்து தனுஷ்கோடிச் சாலை வரை பல பள்ளிகளில் 22 ஆண்டுகள் சுண்ணக்கட்டி பிடித்த ஆசிரியையாக இங்கே நிற்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், இந்தக் கரையின் எட்டு வயதுப் பிள்ளைக்கு வாடைக் காற்றும் கச்சான் காற்றும் தெரியும் என்றார்; எந்த மாதத்தில் எந்த மீன் படும் என்று தெரியும், எத்தனை பாகம் ஆழத்தில் வலை விட வேண்டும் என்று தெரியும், அவனை உட்காரவைத்து எழுத்துக்கூட்டச் சொல்லி வதைப்பானேன் என்று கேட்டார். அவர் சொன்ன அறிவு அத்தனையும் உண்மை, நான் ஒன்றைக்கூட மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிவைப் பிள்ளைக்குக் கொடுப்பதற்குத் தாத்தா இருக்கிறார், அப்பா இருக்கிறார், வலை பின்னும் பெரியப்பா இருக்கிறார், கரையில் நிற்கும் ஒவ்வொரு வல்லமும் இருக்கிறது. எழுத்தைக் கொடுப்பதற்கு யார் இருக்கிறார்கள்? நான்கு சுவருக்குள் நிற்கும் ஓர் ஆசிரியரையும் ஒரு கரும்பலகையையும் விட்டால் இந்தப் பிள்ளைக்கு வேறு நாதி கிடையாது. வீடு தருவதையே பள்ளியும் தருவதாகச் சொல்லிவிட்டு, வீட்டால் தர முடியாததைத் தராமல் விட்டால், அந்தக் குழந்தை இரண்டு இடத்திலும் ஒன்றையே பெற்றுக்கொண்டு வளர்கிறது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கடற்பாசி எடுத்துவிட்டு நேரே பள்ளிக்கு வந்த ஒரு தாய், விரல்களில் சுற்றியிருந்த துணிப்பட்டையைக்கூட அவிழ்க்காமல், ஈரம் படாதபடி ஓரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினார். ஓர் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். எந்தத் தேதிக்குள் எந்தச் சான்றைக் கொண்டுவர வேண்டும் என்று ஆறு வரியில் எழுதியிருந்தது. தேதி முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் நின்ற மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. கடிதம் வந்த அன்றைக்கே அவளிடம்தான் அம்மா கொடுத்திருக்கிறார். அவள் படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூசி, "ஒண்ணும் இல்லம்மா, சும்மா வந்திருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் வகுப்பில் பாடத்தை ஒப்பிப்பதில் முதல் ஆள். நான் பக்கத்தைத் திருப்பி வேறொரு பத்தியில் விரலை வைத்தபோதுதான் அவள் வாசிக்கவில்லை, மனப்பாடம் செய்திருக்கிறாள் என்பது எனக்கே தெரிந்தது. ஐந்து ஆண்டு எங்களில் எவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை, நடுவர் அவர்களே. இன்றைக்கு இந்த மேடையில் நான் பேசும் ஒவ்வொரு சொல்லும் அந்த நாளிலிருந்து வருகிறது.

எழுத்துதானே, தானாக வந்துவிடும் என்று எதிரணியில் ஒரு சகோதரர் எளிதாகச் சொன்னார். தானாக வராது. தமிழில் எழுத்து 247 என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அதில் 216 உயிர்மெய். க, கா, கி, கீ வரை குழந்தை தடையில்லாமல் வருகிறது, ஏனென்றால் குறி எழுத்துக்குப் பின்னால் நிற்கிறது அல்லது எழுத்தின் மேலேயே ஒட்டியிருக்கிறது. கு, சு, து, மு என்று வரும்போது எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு குறி இல்லை, ஒவ்வொன்றின் வடிவத்தையும் கண்ணில் பதித்தாக வேண்டும். கெ என்ற இடத்தில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. கொ என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு துணைக்கால். கொடுவா மீனைச் செவுளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடும் ஒரு பையன், நான் பலகையில் "கொடுவா" என்று எழுதியபோது முதல் எழுத்திலேயே நின்றுவிட்டான். "டீச்சர், முன்னாடி நிக்கிறத ஏன் பின்னாடி சொல்லணும்?" என்று கேட்டான். எவ்வளவு நியாயமான கேள்வி! அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி, இருபது சொல்லில் பழக்கி, மறுநாள் மறந்தபின் மீண்டும் பழக்குவதற்குத்தான் ஓராண்டு என்று ஒன்று இருக்கிறது. கடலுக்கு எத்தனை முறை அழைத்துப் போனாலும் அந்த ஒற்றைக்கொம்பு அவனுக்கு விளங்காது.

எண்ணுக்கு வருகிறேன். மீன் விற்கும் இடத்தில் சில்லறையைச் சரியாகத் திருப்பித் தரும் சிறுமியைக் காட்டி, இவளுக்கு எதற்குப் பள்ளிக் கணக்கு என்றார் எதிரணிச் சகோதரி. அப்படி ஒரு சிறுமி என் மூன்றாம் வகுப்பில் இருந்தாள். 178 ரூபாய்க்கு மீன் வாங்கியவர் 500 ரூபாய்த் தாள் நீட்டினால் எவ்வளவு திருப்பித் தருவாய் என்று கேட்டேன். "நூத்தி எண்பதுக்கு ரெண்டு, இருநூறுக்கு இருபது, ஐநூறுக்கு முந்நூறு" என்று விரலை மடக்கி 322 என்றாள், கண் இமைக்கும் நேரத்தில். அதே கணக்கைச் சிலேட்டில் 500-க்குக் கீழே 178 என்று எழுதிக் கழிக்கச் சொன்னேன். 478 என்று எழுதினாள். எட்டிலிருந்து பூச்சியம் எட்டு, ஏழிலிருந்து பூச்சியம் ஏழு, ஐந்திலிருந்து ஒன்று போனால் நான்கு. வாய்க்கு வந்த விடையையும் சிலேட்டில் வந்த விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும், "இம்புட்டு எப்படித் திருப்பிக் குடுப்பேன்?" என்று அவளே அழித்தாள். அந்த இடத்தில்தான் கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்ன என்று நான் தொடங்கினேன். கரை கொடுத்த வாய்க்கணக்கு அவளுக்கு முதல் படி. அடுத்த படியைக் கட்டித் தருவது பள்ளியின் வேலை. வாய்க்கணக்கு இருக்கிறதே என்று நாங்கள் கையைக் கட்டிக்கொண்டிருந்தால், மற்றவர் எழுதி நீட்டும் கணக்குத் தாளில் நாளைக்கு அவள் எதைச் சரிபார்ப்பாள்?

தமிழ் எண்ணுப் பெயர்களிலும் குழந்தை இடறுகிறது. நானூற்று மூன்று என்றால் காதில் விழுந்தபடியே 400 எழுதி, 3 சேர்த்து, 4003 என்று எழுதுகிறது. தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒலிக்கிறது, அதனால் அது நூற்றுக்கு மேற்பட்ட எண் என்று எண்ணிக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் முதல் வகுப்பு முடிவில் 99 வரை, இரண்டாம் வகுப்பு முடிவில் 999 வரை, மூன்றாம் வகுப்பு முடிவில் 9999 வரை வாசிக்கவும் எழுதவும் வேண்டும் என்கிறது. கேட்பதற்குச் சிறிய பட்டியல். ஆனால் இடமதிப்பு விளங்காத குழந்தைக்கு நான்காம் வகுப்புப் புத்தகத்தின் எந்தக் கணக்கும் திறக்காது.

எதிரணியினர் கலாம் அவர்களை அழைத்தார்கள். இராமேசுவரத்தில் பிறந்தவரைப் பாம்பன் மேடையில் அழைக்காமல் இருக்க முடியாது. ஐந்தாம் வகுப்பில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் கடற்கரைக்கு அழைத்துப்போய்ப் பறவை பறப்பதைக் காட்டினார், அங்கேதான் அவருடைய கல்வி பிறந்தது என்றார்கள். அந்த நிகழ்ச்சியின் முன்பகுதியை விட்டுவிட்டார்கள். அந்த ஆசிரியர் முதலில் கரும்பலகையில் பறவையை வரைந்து விளக்கினார்; மாணவர்களுக்குப் புரியவில்லை என்று தெரிந்த பிறகே கரைக்கு அழைத்துச் சென்றார். இன்னொன்றையும் கலாம் அவர்களே எழுதியிருக்கிறார். 1939-இல் போர் மூண்டபோது தமக்கு எட்டு வயது என்கிறார். மூத்த நண்பர் ஜலாலுதீன் சொல்லும் போர்ச் செய்திகளைத் தினமணியின் தலைப்புகளில் தேடிப் பார்ப்பாராம். எட்டு வயதில் நாளிதழின் தலைப்பைத் தேட அவரால் முடிந்தது. எட்டு வயது என்பது நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. 2022 ஜூனில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் அந்த எட்டு வயதைத்தான் எல்லையாக வைத்தது.

சுமை என்று மீண்டும் மீண்டும் சொன்னார்கள். மழலையர் வகுப்பிலேயே ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துச் சோதனை, வாய்ப்பாடு 16 வரை ஒப்பித்தல், இரவு ஒன்பது மணிவரை வீட்டுப்பாடம், இவை சுமைதான். அவற்றை எதிர்த்து நானும் உங்கள் அணியோடு நிற்பேன். ஆனால் ஒரு குழந்தை இந்த ஆண்டு இதைக் கற்கும் என்று எதிர்பார்ப்பது குழந்தையின் தோளில் ஏற்றும் பொருள் இல்லை, பள்ளி அந்தக் குழந்தைக்குப் பட்ட கடன். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரம் என்று வகுத்திருக்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம். நம் கரையில் ஐப்பசி, கார்த்திகை மழையும் புயல் எச்சரிக்கையும் அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும், பருவம் பார்த்து வேறு கரைக்குத் தொழிலுக்குப் போகும் குடும்பத்தோடு சில பிள்ளைகள் வாரக்கணக்கில் போய்விடும். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்ற கணக்கில் ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் நடத்தும் பள்ளிகள் இங்கே உண்டு. இவ்வளவு குறுகிய நேரத்தில் எல்லாவற்றையும் கட்டாயம் என்று எழுதினால், ஒன்றும் கட்டாயமாக இராது. அதனால்தான் பட்டியல் சிறியதாக இருக்கட்டும், அதில் உள்ளது எந்தக் குழந்தைக்கும் தவறாமல் கிடைக்கட்டும் என்கிறோம்.

எட்டாம் வகுப்பு வரை குழந்தையை ஒரே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை என்ற நம் மாநிலத்தின் முடிவை நான் மனமார ஆதரிக்கிறேன். ஒன்பது வயதுப் பிள்ளையை ஏழு வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைத்தால் அது படிக்காது, பள்ளியைவிட்டு ஓடும். ஆனால் வகுப்பு தானாக ஏறும்போது கற்றலும் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு ஆசிரியருக்கு இரட்டிப்பாகிறது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, எந்தக் குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கச் சொன்னது எனக்குப் பிடித்த ஏற்பாடு. மூன்றாம் வகுப்பில் அரும்பாக இருப்பது அந்தக் குழந்தைக்கு இழுக்கில்லை. அது எங்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் இழுக்கு.

நடுவர் அவர்களே, தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தால் ஊருக்கு ஒரு வேண்டுகோள் வைப்பேன். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குள் போகும் பரபரப்பில் நீங்கள் இருப்பீர்கள். அதற்கிடையே ஒரு மாலை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வாருங்கள். உங்கள் பிள்ளை இந்த ஆண்டு எதை வாசிக்கும், எந்த எண் வரை எழுதும் என்று ஆசிரியரை உரக்கச் சொல்லச் சொல்லுங்கள். தை மாதத்தில் மீண்டும் வந்து, பிள்ளை பார்த்திராத ஒரு பக்கத்தைத் திருப்பி, அதன் விரலை அங்கே வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பிலிருந்தே தொடங்குங்கள்.

கடிதத்தை வாசிக்காமல் நின்ற அந்தப் பெண்ணோடு அதன்பிறகு ஏழு மாதம் மாலை நேரத்தில் உட்கார்ந்தேன், கெ, கே, கொ, கோ வரிசையிலிருந்து. பங்குனியில் அவள் அம்மாவுக்கு வந்த அடுத்த கடிதத்தை அவளே வாசித்து, தேதிக்கு இரண்டு நாள் முன்பே அம்மாவை அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றாள். எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.