ஆள் நுழையும் காற்றறை: போர்ட்லாந்து நகரமன்றத்தின் பைப் ஆர்கன்

[காட்சி: அரங்க மேடையின் பின்புறம் வரிசையாக நிற்கும் உயரமான குழாய்கள்]

அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து நகரமன்றக் கட்டடம் 1908ஆம் ஆண்டு தீக்கிரையானது. அந்த ஊரின் இசை வாழ்வைப் பல பத்தாண்டுகள் நடத்திவந்த, ஜெர்மனியில் பிறந்த ஹெர்மன் கோட்ஸ்மார் என்ற ஆர்கன் கலைஞரும் அதே ஆண்டில் காலமானார். புதிய மன்றம் எழும்பியபோது, இதே ஊரில் பிறந்து பிலடெல்பியாவில் பத்திரிகைத் தொழிலால் பெருஞ்செல்வரான சைரஸ் கர்ட்டிஸ், கோட்ஸ்மார் நினைவாக, குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கச் செய்யும் பெரிய இசைக்கருவியான பைப் ஆர்கன் ஒன்றை நகரத்துக்கு அளித்தார். அவருடைய முழுப்பெயரே சைரஸ் ஹெர்மன் கோட்ஸ்மார் கர்ட்டிஸ்; அவர் தந்தை தம் நண்பரின் பெயரை மகனுக்குச் சூட்டியிருந்தார். ஹார்ட்ஃபோர்டு நகரின் ஆஸ்டின் நிறுவனம் செய்த அந்த ஆர்கன், 1912 ஆகஸ்ட் 22 அன்று முதன்முதலாக மக்கள் முன் ஒலித்தது.

[காட்சி: குழாய்களுக்குக் கீழே, மரத்தாலான பெரிய காற்றறை]

மேடையில் நாம் காணும் குழாய்கள் ஆர்கனின் சிறு பகுதிதான். அதன் உயிர் இருப்பது குழாய்களுக்கு அடியிலுள்ள காற்றறையில். நம் ஆர்மோனியத்தில் ஒரு கை துருத்தியை அசைக்க, மறு கை கட்டைகளை அழுத்துகிறது. இங்கே மின்விசிறி காற்றை இடைவிடாது அறைக்குள் செலுத்த, வாசிப்பவர் கட்டையை அழுத்தியதும் உரிய குழாயின் அடைப்பான் மட்டும் திறந்து காற்றை மேலே விடுகிறது. ஆஸ்டின் நிறுவனத்தாரின் புதுமை, அந்தக் காற்றறையை ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்குப் பெரிதாக்கியதாகும். அதற்கு இரட்டைக் கதவு உண்டு. முதற்கதவைச் சாத்திய பிறகே இரண்டாவதைத் திறக்க வேண்டும். உள்ளே போனால் அழுத்தத்தால் காது இலேசாக அடைத்துக்கொள்ளும் என்றாலும், மேலே கச்சேரி நடக்கும்போதே பழுதுபார்ப்பவர் உள்ளே நின்று அடைப்பான்களின் இயக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம். அறை பெரிதாக இருப்பதால், பல குழாய்கள் ஒன்றாக ஒலிக்கும்போதும் அழுத்தம் சட்டென்று விழுந்து சுருதி தடுமாறுவதில்லை.

குழாய் நீள நீள ஒலி தாழும். 32 அடிக் குழாயின் அடிச்சுரம் நொடிக்கு ஏறத்தாழ 16 அதிர்வுகளே. அதைக் காது கேட்பதைவிட உடல் உணர்வதே அதிகம்.

இத்தனை பெரிய கருவி ஒரு நகரமன்றத்துக்கு எதற்கு? வானொலி வராத அக்காலத்தில், முழு இசைக்குழுவை அடிக்கடி வரவழைக்க எல்லா நகரங்களாலும் இயலவில்லை. குழலையும் எக்காளத்தையும் தந்திக் கருவிகளையும் ஒத்த ஒலிகள் கொண்ட ஆர்கன் இருந்தால், ஒரே கலைஞர் அந்த இசையை ஊராருக்குக் கொண்டுவரலாம். இதற்காகவே போர்ட்லாந்து நகராட்சி ஆர்கன் கலைஞர் என்ற பதவியை ஏற்படுத்தி, முதலில் வில் மக்ஃபார்லேனை அமர்த்தியது. சாலை போன்றவற்றுக்குப் பொறுப்பான நகராட்சி, இசைக்கென்று ஒருவருக்குப் பதவி தந்தது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

அந்த ஆதரவு என்றும் நிலைக்கவில்லை. 1981இல் நகராட்சி நிதியை நிறுத்தியதும், ரசிகர்கள் கோட்ஸ்மார் ஆர்கன் நண்பர்கள் என்ற அமைப்பைத் தொடங்கிப் பொறுப்பேற்றனர். நூற்றாண்டான 2012இல் ஆர்கன் கழற்றப்பட்டு, கனெக்டிகட் மாநிலப் பட்டறையில் ஏறத்தாழ 26 லட்சம் டாலர் செலவில் சீரமைக்கப்பட்டது.

[காட்சி: கலைஞர் இருக்கையில் அமர, அரங்கில் விளக்குகள் மங்குகின்றன]

2014இல் அரங்குக்குத் திரும்பிய அதில் இப்போது 7,101 குழாய்கள் உள்ளன.