கொப்பரைக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பு

வணக்கம் நேயர்களே.

இந்த ஆண்டு உணவு அறிவியலோ உணவுத் தொழில்நுட்பமோ படிக்கக் கல்லூரியில் கால் வைத்திருக்கும் பிள்ளைகளிடமும், அவர்களை அனுப்பிவைத்த பெற்றோரிடமும் பேச வந்திருக்கிறேன். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம், அவிநாசிலிங்கம், பெருந்துறை என்று நம் பக்கத்திலேயே இந்தப் படிப்புகள் இருக்கின்றன. சேர்ந்த சில வாரங்களில் சீனியர்கள் வந்து, "மாணவர் மன்றத்துல சேர்றீங்களா?" என்று கேட்பார்கள். வீட்டில் சொன்னால், "அதெல்லாம் எதுக்கு கண்ணு, படிக்கிற வேலையைப் பாரு" என்பார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் சேருங்கள் என்றுதான் சொல்வேன்.

கவுந்தப்பாடிப் பக்கம் வெல்லம் காய்ச்சும் கரும்பாலை ஓடும்போது ஒருமுறை போய் நின்று பாருங்கள். பழனி பஞ்சாமிர்தத்துக்கு நாட்டுச் சர்க்கரை அனுப்புகிற ஊர் அது. கரும்புச் சக்கை எரிய, கொப்பரையில் சாறு கொதிக்கும். சுண்ணாம்பு கரைத்து ஊற்றுவார்கள். சாற்றின் அமிலம் தணியும், அழுக்கு திரண்டு மேலே வரும், அள்ளி எடுப்பார்கள். சுண்ணாம்பு அளவு மீறினால் சரக்கு கறுத்துப்போகும். பாகு முறுகி வரும்போது, பதம் பார்க்கிறவர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார். திரண்டு நின்றால் "இறக்கு" என்பார்.

அந்த நொடியில் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் வெல்லத்துக்கு ஏறக்குறைய 118 டிகிரி செல்சியஸ் காட்டும். பொடியாக்கும் சர்க்கரைக்கு இன்னும் இரண்டொரு டிகிரி கூடும். நீர் வற்றி இனிப்பு அடர அடரக் கொதிநிலை ஏறும் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அதே விதியைத்தான் அவர் இத்தனை வருடமாக விரல் நுனியில் அளந்துகொண்டிருக்கிறார். அவர் கைப்பக்குவமும் உங்கள் வெப்பமானியும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். பாடத்திட்டத்தில் அதற்கு நேரம் இருக்காது. முழு வகுப்பையும் கூட்டிக்கொண்டு ஆலைக்குள் நிற்கவும் முடியாது. ஏழெட்டுப் பேர் கொண்ட மன்றக் குழு போகலாம், கேட்கலாம், குறித்துக்கொண்டு வரலாம்.

போனால் ஒரு கசப்பான சேதியும் தெரியவரும். வெளுத்த, பளிச்சென்ற வெல்லத்துக்குச் சந்தையில் கூடுதல் விலை. அந்த நிறத்துக்காகச் சிலர் சோடியம் ஹைட்ரோசல்பைட் என்ற வெளுக்கும் ரசாயனத்தைப் போடுகிறார்கள். ஹைட்ரோஸ் என்றால் ஆலைக்காரர்களுக்குத் தெரியும். அதை வெல்லத்தில் சேர்க்க அனுமதி இல்லை. ஆனால் ஆலைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை, வாங்குகிற நாம்தானே வெளுத்ததைத் தேடுகிறோம்!

இங்கேதான் மன்றம் உருப்படியான ஒரு காரியம் செய்யலாம். நிறம் தெரியாதபடி சிவப்பு விளக்கின் கீழே மூன்று கிண்ணம் வையுங்கள். இரண்டில் வெளுத்த வெல்லத்தின் கரைசல், ஒன்றில் வெளுக்காத வெல்லத்தின் கரைசல். எது வேறு என்று சுவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். 24 பேர் சுவைத்தால், குருட்டாம்போக்கில் சொன்னாலே எட்டுப் பேர் வாக்கில் சரியாகச் சொல்லிவிடுவார்கள். 13 பேராவது சரியாகச் சொன்னால்தான் சுவையில் வித்தியாசம் தெரிகிறது என்று ஐந்து சதவீதப் பிழைக்குள், அதாவது தற்செயலாக அப்படி அமைய நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்புதான் என்று, சொல்ல முடியும். முக்கோணச் சோதனை என்று இதற்குப் பெயர், பெரிய உணவு நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன. ஜூன் 7 உலக உணவுப் பாதுகாப்பு நாள். அன்றைக்கு இதை ஊர்ச் சந்தையில் வைத்து, வாங்க வருகிற தாய்மார்களையே சுவைக்கச் சொல்லுங்கள். கண் சொன்னதை நாக்கும் சொல்கிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

ஈரோட்டு மஞ்சள், ஊத்துக்குளி வெண்ணெய், காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் என்று இப்படி எடுத்துச் செய்ய எத்தனையோ இருக்கின்றன.

சேரும் முன் ஒன்று விசாரித்துக்கொள்ளுங்கள். போன வருடம் இந்த மன்றம் எங்கே போனது, எதைச் சோதித்தது? குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்ததோடு சரி என்றால் உங்கள் நேரம் வீண். அப்படிப்பட்ட மன்றமாக இருந்தால், ஆர்வமுள்ள ஒரு ஆசிரியரைப் பிடித்து நீங்களே முதல் சோதனையைத் தொடங்குங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: ஒரு சோதனையைத் திட்டமிட்டு, செலவுக் கணக்கு எழுதி, அறியாத மனிதர்களிடம் அனுமதி கேட்டுச் செய்து முடித்த பிள்ளை, வேலைக்கான நேர்காணலில் தடுமாறாமல் பதில் சொல்லும்.

மன்றம் நடத்தும் சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கூட்டத்தைச் சாயங்காலம் வைக்காதீர்கள், மதிய இடைவேளையில் வையுங்கள். நால்ரோடு வந்து கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய பிள்ளைகள் சாயங்காலக் கூட்டத்துக்கு வரவே முடியாது. ஆலையும் மஞ்சள் களமும் மாட்டுத் தொழுவமும் அவர்கள் வீட்டில்தான் இருக்கின்றன. அவர்கள் இல்லாமல் இந்த மன்றம் யாரை வைத்து நடக்கும்?

வணக்கம்.