சந்தையில் தொடங்கிய சமாதானம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆப்பிரிக்க மண்ணில் அமைதியை நிலைநிறுத்துவது தலைவர்களின் ஒப்பந்தமா, ஊர் இளைஞர்களின் உழைப்பா என்பது கேள்வி. இளைஞர்களின் உழைப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

"துப்பாக்கி வைத்திருப்பவர் கையெழுத்துப் போடாமல் சண்டை ஓயாது" என்றார் எதிரணித் தலைவர். தெற்கு சூடானின் உள்நாட்டுப் போரை நிறுத்த 2015 ஆகஸ்டில் இரு தரப்புத் தலைவர்களும் கையெழுத்துப் போட்டார்களே ஐயா! 2016 ஜூலையில் தலைநகர் ஜூபாவிலேயே அவர்களுடைய படைகள் மோதிக்கொண்டன. ஓராண்டுகூடத் தாங்கவில்லை அந்தக் காகிதம்.

கென்யாவின் வடகிழக்கில் இருக்கும் வஜீருக்கு வாருங்கள். சோமாலி மக்கள் வாழும் வறண்ட பூமி. 1991இல் பக்கத்துச் சோமாலியாவில் அரசு கவிழ்ந்தது. துப்பாக்கிகள் எல்லை தாண்டி வந்தன. வறட்சியில் மந்தைகள் மடிந்தன. கிணற்றுக்கும் மேய்ச்சலுக்கும் இருந்த போட்டியோடு தேர்தல் பகையும் சேர, அஜுரான், டெகோடியா, ஒகாடன் குலங்கள் ஒன்றையொன்று கொன்று குவித்தன. போலீஸ் போனால் அடங்காதா என்பீர்கள். 1984 பிப்ரவரியில் வகல்லா விமான ஓடுதளத்தில் டெகோடியா ஆண்களை அடைத்துவைத்துக் கென்யப் பாதுகாப்புப் படையே கொன்றிருக்கிறது. அந்த ஊரில் சீருடையை யார் நம்புவார்கள்?

இந்த நிலையில்தான் வஜீரைச் சேர்ந்த 28 வயதுப் பெண் தெக்கா இப்ராஹிம் அப்டியும் அவருடைய தோழிகளும் இறங்கினார்கள். பகை சந்தைக்குள்ளேயே புகுந்திருந்தது. எதிர்க்குலத்துப் பெண் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. இவர்கள் முதலில் சமாதான மாநாடு கூட்டவில்லை. எந்தக் குலத்துப் பெண்ணும் யாரிடமும் வாங்கலாம், விற்கலாம் என்று சந்தைப் பெண்களைப் பேசி ஒப்ப வைத்து, அதைக் கண்காணிக்க ஒரு குழுவைப் போட்டார்கள். அவ்வளவுதான் முதல் படி. அது நிலைத்த பிறகே குலப் பெரியவர்களிடம் போனார்கள்.

அங்கேயும் நுணுக்கம் பாருங்கள். மோதுகிற குலத்துப் பெரியவரைத் தலைமை தாங்கச் சொன்னால் மற்றவர் எழுந்து போய்விடுவார். அதனால் சண்டையில் சேராத சிறிய குலத்துப் பெரியவர்களை முன்னால் நிறுத்தினார்கள். 1993இல் குலங்களுக்கு இடையிலான அமைதி உடன்பாடாக அல் ஃபத்தா பிரகடனம் பிறந்தது.

"அதுவும் கையெழுத்துதானே" என்று எதிரணி கேட்கலாம். ஆமாம், கையெழுத்துதான். ஆனால் அதற்கு அடுத்த வேலையையும் இவர்கள் செய்தார்கள். பெரியவர்கள், மார்க்கத் தலைவர்கள், பெண்கள், பாதுகாப்பு அதிகாரிகள் சேர்ந்த விரைவுக் குழு ஒன்றை அமைத்தார்கள். எங்கே கொலையோ கால்நடைத் திருட்டோ நடந்தாலும் வண்டியேறிப் போய்விடுவார்கள். பழிவாங்கக் கிளம்புகிறவர்களுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், அதுதான் கணக்கு. ஒரு கொலைச் செய்தி மூன்று ஊர் தாண்டினால் பத்துக் கொலையாகிவிடும். அதிகாரி மட்டும் போனால் ஊர் ஓடிவிடும்; பெரியவர் மட்டும் போனால் துக்க வீட்டுக்குள் பெண்களிடம் பேச ஆள் இருக்காது. அதனால்தான் நாலு பேரும் ஒரே வண்டியில் போனார்கள்.

இந்த ஏற்பாடு எங்கே உடையும்? டீசல் இல்லாமல் வண்டி நின்றால் உடையும். கட்சிக்காரர் குழுவை விலைக்கு வாங்கினால் உடையும். துப்பாக்கி தூக்கிய பையனை வெளியே நிறுத்தி நல்ல பிள்ளைகளை மட்டும் கூட்டி வைத்துப் பேசினாலும் உடையும். வஜீர்க்காரர்கள் இளைஞர்களுக்கென்றே தனிக் குழு அமைத்தார்கள். 1995இல் எல்லாவற்றையும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்த ஒரே அமைதிக் குழுவாக்கினார்கள். 2007 தேர்தலுக்குப் பிந்தைய கலவரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகு, மாவட்டந்தோறும் அமைதிக் குழு வேண்டும் என்று கென்யா முடிவெடுத்தபோது, கையில் இருந்த முன்மாதிரி வஜீர்தான்.

லைபீரியாவின் உள்நாட்டுப் போரை முடித்த 2003 ஒப்பந்தத்தை எதிரணி பெருமையாகச் சொன்னது. கானாவின் தலைநகர் அக்ராவில் பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் இழுத்துக்கொண்டே போக, மண்டப வாசலில் கைகோத்து உட்கார்ந்து பிரதிநிதிகளை வெளியே விட மறுத்தவர்கள் யார்? லைபீரியப் பெண்களின் அமைதி இயக்கத்தை நடத்திய லேமா குபோவீயும் உடன் வந்த பெண்களும். அப்போது அவருக்கு வயது 31. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் இளைஞர் சாசனம் 35 வரை இளைஞர் என்கிறது. அந்த மறியலுக்குச் சில வாரங்களில், ஆகஸ்ட் 18 அன்று கையெழுத்தானது.

கடைசியாகச் சூடான். அங்கே ராணுவமும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணைப்படையும் மோதிக்கொண்டன. 2023 மே 11இல் இந்த இரண்டு படைகளும் பொதுமக்களைக் காப்போம் என்று சவுதி அரேபியாவின் ஜெத்தாவில் கையெழுத்திட்டன. குண்டு நிற்கவே இல்லை. தலைநகர் கார்த்தூமின் தெருக்களில் அவசர உதவிக் குழு இளைஞர்கள் பொது அடுப்பு மூட்டினார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் வங்கிச் செயலியில் அனுப்பும் பணத்தில் பருப்பும் கூழும் வெந்தன. 2024 பிப்ரவரியில் இணையம் அறுந்தது, பணம் வரவில்லை, பல அடுப்புகள் அணைந்தன. இரு படைகளும் அவர்களைப் பிடித்து அடைத்தன. அப்படியும் இணைப்பு கிடைத்த இடத்தில் மறுபடி பானையை ஏற்றினார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட ஜெத்தா மேசையில் நாற்காலி போடவில்லை, நடுவர் அவர்களே.

நன்றி, வணக்கம்.