எங்கே இறங்கும்?

வணக்கம். மன்னார்குடிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறவனுக்கு வானொலியில் பேச என்ன இருக்கும் என்று யோசித்தேன். சரி, போன செப்டம்பரில் அமெரிக்காவில் தங்கை மகனோடு ராக்கெட் விடப் போனதைச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் ஒரு பழைய வழக்கு. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, திருவிழாவில் விட்ட ராக்கெட் வாணம் எங்கள் வைக்கோல் போரில் விழுந்து பாதிப் போர் கரியாகிவிட்டது. அப்பா போய்க் கேட்டதற்கு வாணக்காரர் சொன்னார்: "ஏத்தி விடறதுதான் எங்க வேலை. எங்க எறங்கும்னு யார் கண்டா?"

நெவாடா மாநிலத்தில் பிளாக் ராக் பாலைவனம். மணல்மேட்டை நினைத்துக்கொண்டு போனால் மணலே இல்லை. என்றைக்கோ வற்றிப்போன ஏரிப் படுகை, மேசை மாதிரி மட்டம், கடல் மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 3,900 அடி. கீழே பார்த்தால் சித்திரையில் நம் வயல் வெடித்துக் கிடக்குமே, அச்சு அசல் அதே வெடிப்பு. ஒரு பொருக்கைப் பேர்த்து நசுக்கினேன், மாவாக உதிர்ந்தது. மழை பெய்தால் கார் இறங்கிவிடும் மாமா என்று மருமகன் எச்சரித்தான், களிமண்ணில் வளர்ந்தவனிடம்! 1997இல் ஒரு கார் ஒலியின் வேகத்தைத் தாண்டி ஓடியது இந்தத் தரையில்தான். பொழுதுபோக்காக ராக்கெட் கட்டுகிற ஒரு குழு 2004இல் ஏறக்குறைய 116 கிலோமீட்டர், அதாவது விண்வெளி வரைக்கும் விட்டதும் இங்கிருந்துதான்.

மோட்டாரை ஆங்கில எழுத்தால் சொல்கிறார்கள். ஒரு எழுத்து ஏறினால் சக்தி இரட்டிப்பு. எச், ஐ எழுத்து மோட்டார்களை விடுவதற்கு முதல் நிலைச் சான்று வேண்டும். ஜே, கே, எல் என்றால் இரண்டாம் நிலை, அதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு. எம்மும் அதற்கு மேலேயும் மூன்றாம் நிலை. மருந்து நம் திருவிழாக் கரிமருந்து இல்லை, ரப்பரில் குழைத்து இறுகவைத்த அம்மோனியம் பெர்குளோரேட். ஸ்ரீஹரிகோட்டாவில் பி.எஸ்.எல்.வி.யின் முதல் அடுக்கில் எரிவதும் இந்த இனம்தான்.

மருமகனுக்கு அன்று இரண்டாம் நிலை, ஜே மோட்டார். மோட்டார் கழன்று விழாமல் பிடிக்கிற அலுமினிய வளையம் நான் கடைந்து கொண்டுபோனது. பாதுகாப்பு அதிகாரி ராக்கெட்டை மடியில் போட்டு, அடியில் துடுப்பு மாதிரி இருக்கும் ஃபின் ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்த்தார், வளையத்தைத் திருகிப் பார்த்தார், அப்புறம் பாராசூட்டைப் பற்றி மட்டும் பத்து நிமிஷம் கேள்வி. எத்தனை அடி போகும் என்று கேட்டாரோ இல்லையோ, எப்படி இறங்கும் என்று துருவித் துருவிக் கேட்டார். உச்சிக்குப் போனதும் காற்றழுத்தத்தை வைத்து உள்ளே இருக்கும் கருவி அதைக் கண்டுகொண்டு, ஒரு சிட்டிகைக் கரிமருந்தைக் கொளுத்தும், ராக்கெட் இரண்டாகப் பிரியும், சின்ன பாராசூட் மட்டும் விரிந்து வேகமாக இறங்கும், தரைக்கு 700 அடி இருக்கும்போதுதான் பெரியது விரியும். மேலேயே பெரியதை விரித்தால் காற்று அடுத்த தாலுகாவுக்குக் கொண்டுபோய்விடும்.

எங்களுக்கு முன்னால் ஒருவருடையது விரியவில்லை. கூவிக்கொண்டு வந்தது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று வானத்தைக் கைகாட்டினார்கள், யாரும் ஓடவில்லை, பார்வையை எடுக்கவும் இல்லை. தொப்பென்று குத்தி நின்றதை மண்வெட்டியால் தோண்டி எடுத்தார்கள்.

எங்களுடையது ஏறியதைச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்திலிருந்து எண்ணினார்கள், துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், வெள்ளைப் புகைக் கோடு, அவ்வளவுதான். அதற்கப்புறம் வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடை. வழியில் திப்பு நினைவுக்கு வந்தார். இரும்புக் குழல் ராக்கெட்டை வெள்ளைக்காரன் மேல் விட்ட ஸ்ரீரங்கப்பட்டணமும் காவிரித் தீவுதானே. தண்ணீர் மாதிரியே அந்தத் தொழிலும் மேலேயே தங்கிவிட்டது போலிருக்கிறது. அப்போது சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரு சத்தம். மருமகன் நின்று விரல் விட்டு எண்ணினான். ஏறிய உயரத்தை அந்தக் கருவி பீப் பீப்பென்று தானே சொல்லிக்கொண்டிருந்ததாம், இத்தனை ஆயிரம், இத்தனை நூறு என்று.

திரும்பக் கொண்டுவந்து காட்டினால்தான் சான்று. எவ்வளவு உயரம் போயிருந்தாலும் மறுபடி விட முடியாதபடி உடைந்திருந்தால் கிடையாது. அதிகாரி மறுபடி ஃபின்னை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

இந்த வருஷத் திருவிழாவில் அந்த வாணக்காரரின் மகனைப் பார்த்தேன். இது எங்கே இறங்கும் தம்பி என்று கேட்டேன்.

"உங்க வீட்லதான் இப்ப போரே கிடையாதே அண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரியைப் பற்றவைத்தார்.