கொடுத்த ஊரில் ஒரு முகம், வாங்கிய ஊரில் வேறு முகம்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வெளிநாட்டில் அறநிதி திரட்டுவது திருச்சபையின் பெயரை வளர்க்கிறதா, கெடுக்கிறதா? கெடுக்கிறது என்பது எங்கள் அணியின் வாதம்.

எதிரணித் தோழி நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோன பியாஃப்ராவைச் சொன்னார். 1967 முதல் 1970 வரை நடந்த நைஜீரிய உள்நாட்டுப் போரில், பல திருச்சபைகள் சேர்ந்து சாவோ தோமே தீவிலிருந்து பியாஃப்ராவின் ஊலி ஓடுதளத்துக்கு இரவு விமானங்களில் உணவு அனுப்பின. குண்டுவீச்சுக்குப் பயந்து, இறங்கும்போது மட்டும் விளக்கைப் போடுவார்கள். அந்தத் துணிச்சலுக்குத் தலைவணங்குகிறேன். பணமில்லாமல் விமானம் பறக்குமா என்று கேட்டார். சரி, பறக்காது. ஆனால் பணம் தேவையா என்பதா இன்றைய வழக்கு? பணம் கேட்கச் சொல்லும் கதை திருச்சபையின் பெயரை என்ன செய்கிறது என்பதுதானே!

சீனத்தின் தியான்ஜின் நகருக்கு வாருங்கள். 1843இல் பிரான்சில் நான்சி நகர ஆயர் ஃபோர்பன்-ழான்சோன் திருப்பாலர் சபையைத் தொடங்கினார். 'சீனத்தில் கைவிடப்பட்ட சிசுக்களைக் காப்பாற்றுவோம்' என்றதும், பிள்ளைகள் மாதம் ஒரு 'சூ' என்ற சில்லறை நாணயம் மனமுவந்து போட்டார்கள். பிரான்சில் திருச்சபைக்குத் தாயின் முகம்.

தியான்ஜினில்? அருட்சகோதரிகளின் அநாதை இல்லத்துக்குக் குழந்தையைக் கொண்டுவந்தவருக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். பல குழந்தைகள் சாகும் தறுவாயில் வந்தன; திருமுழுக்குப் பெற்றதும் இறந்தன. பிரான்சில் சொன்ன கதை அக்கம்பக்கத்தாருக்கு யார் சொன்னது? காசு கைமாறுவதையும், மூடிய கதவையும், பெருகும் கல்லறைகளையும்தான் அவர்கள் பார்த்தார்கள். மருந்துக்காகக் கண்ணைத் தோண்டுகிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. 1870 ஜூன் 21 அன்று கூட்டம் பாய்ந்தது. 10 அருட்சகோதரிகள் கொல்லப்பட்டார்கள், தேவாலயம் எரிந்தது. குற்றமற்ற பெண்கள் ஐயா அவர்கள்! அந்தக் கொலைகளுக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆனால் அந்த வதந்தி எங்கே வேர்பிடித்தது என்று பாருங்கள்.

அதோடு நின்றதா? இருபதாம் நூற்றாண்டு அயர்லாந்துப் பள்ளிகளில் 'கறுப்புக் குழந்தைகளுக்காக' என்று உண்டியல் வைத்தார்கள். காசு போட்ட பிள்ளையின் மனதில் ஆப்பிரிக்கா என்றால் ஏந்திய கை மட்டும்தான். அந்த ஆப்பிரிக்கக் குழந்தை வளர்ந்து, தன் முகத்தைக் காட்டித்தான் காசு வாங்கினார்கள் என்று அறியும் நாளில் திருச்சபையைப் பற்றி என்ன நினைக்கும்?

எதிரணியிடம் ஒரே கேள்வி. வெளிநாட்டில் நிதி கேட்டு நீங்கள் ஒட்டும் சுவரொட்டியை, படம் எடுத்த அதே ஊரின் கோயில் வாசலில், அந்தக் குழந்தையின் தாய் பார்க்கும்படி ஒட்டுவீர்களா?