ஆக்ஸ்ஃபோர்ட் வாக்கெடுப்புதான் ஹிட்லருக்குத் துணிச்சல் தந்ததா?

அடுத்த கேள்விக்கு வருவோம். "நாட்டுக்காகச் சண்டை போட மாட்டோம் என்று 1933இல் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்கள் தீர்மானம் போட்டார்களாமே, அதைப் பார்த்துத்தான் ஹிட்லர் போருக்குத் துணிந்தார் என்கிறார்களே, உண்மையா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

தீர்மானம் போட்டது உண்மை. 1933 பிப்ரவரி 9. ஹிட்லர் ஜெர்மனியின் சான்சலராகி பத்து நாள்தான் ஆகியிருந்தது. "எந்தச் சூழ்நிலையிலும் இந்த அவை அரசருக்காகவும் நாட்டுக்காகவும் போரிடாது" என்பது தலைப்பு. ஆதரவு 275, எதிர்ப்பு 153. ஆக மொத்தம் 428 பேர். அதுவும் ஆக்ஸ்ஃபோர்ட் யூனியன் என்ற விவாத மன்றத்தின் உறுப்பினர்கள் மட்டும். பெண்கள் அப்போது அதில் உறுப்பினராகவே முடியாது, 1963இல்தான் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் 'ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்கள்' என்று ஒட்டுமொத்தமாகச் சொல்வதே சரியில்லை.

அந்தத் தலைப்பில் உள்ள 'அரசரும் நாடும்' சும்மா வந்ததல்ல. 1914இல் ஊரெங்கும் ஒட்டிய ஆள்சேர்ப்புச் சுவரொட்டிகளில் இருந்த வாசகம் அது. அதை நம்பிப் போனவர்களில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 2,700 பேர் திரும்பி வரவில்லை. 1933இல் இருபது வயதில் இருந்த பையன், முதல் உலகப் போர் முடிந்தபோது ஐந்து ஆறு வயதுக் குழந்தை. அப்பா, சித்தப்பா, மாமா என்று யாரையோ பறிகொடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள்தான் அந்த அவையில் பலர். கல்லூரிக்குள் நுழைந்தாலே இறந்தவர்களின் பெயர்ப் பலகை. அந்த வாக்கைக் கோழைத்தனம் என்று என்னால் சொல்லவே முடியாது. இன்னொரு முறை அப்படிச் சாகக் கூடாது என்ற வேதனைதான் அதில் இருந்தது.

சரி, ஒரு மாணவர் விவாதம் எப்படி உலகச் செய்தி ஆனது? பத்திரிகைகள்தான். டெய்லி டெலிகிராஃபில் கடுமையான ஒரு கண்டனக் கடிதம் வந்தது, டெய்லி எக்ஸ்பிரஸ் மாணவர்களை வசைபாடியது, பிறகு எங்கும் அதே பேச்சு. யாரோ மன்றத்துக்கு 275 வெள்ளை இறகுகளை அனுப்பினார்கள், ஆதரித்த ஒவ்வொருவருக்கும் ஒன்று. வெள்ளை இறகு என்றால் அங்கே கோழை என்று அர்த்தம். முதல் உலகப் போரின்போது சீருடை அணியாத ஆண்களின் கையில் அதைக் கொடுத்து அவமானப்படுத்துவார்கள். வின்ஸ்டன் சர்ச்சில் இதை வெட்கங்கெட்ட அறிவிப்பு என்று மேடையில் சாடினார். அவருடைய மகன் ராண்டால்ஃப் மார்ச் மாதம் நேரிலேயே வந்து, தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்து நீக்கப் பார்த்தார். அதற்கு விழுந்த ஆதரவு வெறும் 138, எதிர்ப்பு 750! முதல் விவாதத்தில் போரை எதிர்க்காதவர்கள்கூட, வெளியாட்கள் வந்து எங்கள் முடிவை அழிப்பதா என்று கோபப்பட்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஹிட்லர் விஷயம். பிரிட்டன் சோர்ந்துபோய்விட்டது என்ற எண்ணத்தை இந்தத் தீர்மானம் ஜெர்மனியிலும் மற்ற நாடுகளிலும் விதைத்தது என்று சர்ச்சில் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எழுதினார். நீங்கள் கேள்விப்பட்ட கதை பரவியதில் அவர் எழுத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இதை வைத்து ஹிட்லர் எந்த முடிவையும் எடுத்தார் என்பதற்கு ஆவணச் சான்று கிடையாது. 1936இல், ஜெர்மன் படை இருக்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருந்த ரைன்லாந்து பகுதிக்குள் ஹிட்லர் படையை அனுப்பினார், பிரிட்டனும் பிரான்ஸும் தடுக்கவில்லை. 1938இல் மியூனிக்கில் செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியையே பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுத்தார்கள். அவர் கண்ணுக்கு முன்னால் நடந்தவை இவை. முடிவெடுத்தவர்கள் பிரதமர்கள், அமைச்சர்கள். பழியை இருபது வயதுப் பையன்கள் மேல் போடுவது அநியாயம்.

1939இல் போர் வந்தபோது ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் படையில் சேர முன்வந்தார்கள். தீர்மானத்தை முன்மொழிந்த கெனெல்ம் டிக்பி பின்னர் போர்னியோ தீவில் உள்ள சரவாக்கில் பணியாற்றினார். ஜப்பானியர்கள் அந்த நாட்டைப் பிடித்தபோது அவரையும் முகாமில் அடைத்தார்கள்.